சென்னைக்கும் தில்லிக்கும் எத்தனை நாழிகை வழி?

தூரத்தை நேரத்தால் சொல்வது தமிழில் பழைய வழக்கம். ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கக்கூடிய தொலைவை 'நாழிகை வழி' என்றும், உரக்கக் கூவினால் குரல் எட்டும் தொலைவைக் 'கூப்பிடு தூரம்' என்றும் முன்னோர் சொல்லிவந்தனர். மயிலாப்பூர்க் குளக்கரையில் நின்று விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இன்றைய ஆட்டோ ஓட்டுநரும் கிலோமீட்டரைச் சொல்லாமல் 'முக்கால் மணி நேரம் ஆகும் சார்' என்றே பதில் சொல்கிறார். விமானப் பயணச் சீட்டும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது. சென்னையிலிருந்து தில்லி செல்லும் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் இருக்கின்றன. இரண்டையும் கழித்துப் பார்த்தால் இரண்டே முக்கால் மணி முதல் மூன்று மணி வரை வருகிறது. தூரம் மட்டும் அதில் இல்லை. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இந்த இரு நகரங்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை சீட்டோடு ஒத்துப்போகாததைக் காண்பார்கள். சீட்டில் கூடுதலாக இருக்கும் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குள் புவியியல், வானிலை, போக்குவரத்து, வணிகம் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன.

முதலில் தூரம். சென்னை சென்ட்ரலிலிருந்து புது தில்லிக்கு ரயில் பாதை 2,180 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. வான்வழியில் நேர்கோடு போட்டால் அது ஏறத்தாழ 1,760 கிலோமீட்டராகக் குறைகிறது. இந்த இரண்டாவது எண்ணை எவரும் நாடா பிடித்து அளக்கவில்லை. இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுகிறார்கள். அப்படிக் கணக்கிடுவதற்கு இந்தியாவில் உறுதியான அடிப்படை எங்கே போடப்பட்டது என்று தேடினால், விடை சென்னை விமான நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அடிக்கோடு எனப்படும் அந்தக் கோட்டை அளக்க அவர் பயன்படுத்தியது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி; இரண்டரை அடி நீளக் கண்ணிகள் நாற்பது கொண்டது; சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு போகப்பட்டு, அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்பட்டு, கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தரையில் கிடத்தினால் மேடு பள்ளத்தில் வளையும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, பெட்டிகளை முக்காலிகள் மேல் மட்டமாக ஏற்றி, வெயில் படாதபடி கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு நீட்டுக்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். இவ்வளவு கவனம் ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்: எஃகு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் 100 அடிச் சங்கிலி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது, நானூறு முறை நீட்டி அளக்கும்போது அந்தப் பிழை 14 சென்டிமீட்டராகப் பெருகுகிறது, காலைக்கும் மதியத்துக்கும் இடையே பத்து பாகை ஏறும் சென்னைச் சித்திரை வெயிலில் அதைக் கவனிக்காமல் விட்டால் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தவறிவிடும். ஏழெட்டு வாரங்கள் உழைத்துக் கிடைத்த விடை 40,006 அடிக்கு மேல் சில அங்குலங்கள், அதாவது ஏறத்தாழ 12.2 கிலோமீட்டர். மயிலாப்பூர்க் குளத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலைய ஓடுபாதைக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரமும் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டியதே.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களை அடிக்கோடுகளாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அதற்கடுத்தது என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும் இம்முறைக்கு முக்கோண அளவை என்று பெயர். கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி கோபுர உச்சிகளுக்கும் குன்றுகளுக்கும் ஏற்றப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சிதைந்ததும், லாம்ப்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து வாரக்கணக்கில் அதைச் சீராக்கியதும் அளவைத் துறையில் இன்றும் பேசப்படும் கதை. பரங்கிமலையில் தொடங்கிய வேலை, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்ட பெரிய வில்லாக 1841இல் முடிந்தது. சென்னை 80ஆம் தீர்க்கரேகையைச் சற்றுத் தாண்டியும் தில்லி 77ஐச் சற்றுத் தாண்டியும் இருப்பதால், இன்று இவ்விரு நகரங்களுக்கிடையே பறக்கும் விமானம் தன்னை அறியாமலே அந்தப் பெரிய வில்லை ஒட்டியே வடக்கு நோக்கிப் போகிறது.

பூமியின் உருவம் எது என்று அறிவதும் அந்த அளவையின் நோக்கம். பூமி முழு உருண்டையாக இருந்தால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும். துருவங்களில் தட்டையாக இருந்தால் வடக்கே போகப்போக அது கூடவேண்டும். இன்றைய அளவுகளின்படி சென்னையை ஒட்டி ஒரு பாகை 110.6 கிலோமீட்டர், தில்லியை ஒட்டி 110.8. இந்த அற்ப வேறுபாடு பயணிக்கு எதற்கு என்று தோன்றலாம். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் சென்னை - தில்லி தூரம் 1,761 கிலோமீட்டர். தட்டையைக் கணக்கில் சேர்த்தால் ஏழு கிலோமீட்டர் போல் குறைந்து 1,754 ஆகிறது. ஒரே இரு நகரங்களுக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தூரம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். விமான நிலையத்திலிருந்து அளப்பதா, நகர மையத்திலிருந்து அளப்பதா என்பது இன்னொன்று.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டு. பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டமே பெருவட்டம். மாட வீதியில் பூக்கட்டும் நூல் ஒன்றை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கிடையே இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே பெருவட்டத்தில் படிந்துவிடும். தில்லிக்குப் பிடித்தால் புதுமை எதுவும் தெரியாது. லண்டனுக்குப் பிடித்தால் சுவர்ப்படத்தில் போட்ட நேர்கோட்டைவிட 240 கிலோமீட்டர் குறைந்து 8,230 கிலோமீட்டர் வரும். அடையாற்றுப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போயிருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பிடித்துப் பார்த்தால்தான் வியப்பு: நூல் பசிபிக் பெருங்கடலை நோக்கிக் கிழக்கே போகாமல் வடக்கே ஏறி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, 69ஆம் அட்சரேகையை நெருங்கித் திரும்பி இறங்குகிறது, நீளம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் இறங்கி மாறிப் போகும் பயணிக்கு இந்த நூலின் நீளம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி வேகம். தில்லிக்குப் பறக்கும் ஏ320 வகை ஜெட் விமானம், ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறிய பின், ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 78 பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் செல்லும். 1,760ஐ 830ஆல் வகுத்தால் இரண்டு மணி ஏழு நிமிடம். சீட்டிலோ ஏறத்தாழ இரண்டு மணி ஐம்பது நிமிடம். மீதியுள்ள முக்கால் மணி நேரத்தை விளக்க, சீட்டில் உள்ள நேரம் எதிலிருந்து எதுவரை என்று பார்க்கவேண்டும். நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த தடைக்கட்டையை எடுத்த நொடியில் அது தொடங்கி, தில்லியில் மறுபடி கட்டை வைக்கும் நொடியில் முடிகிறது. கட்டைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைக்கொண்டு அதைப் 'பிளாக் டைம்' என்கிறார்கள். வண்டி பின்னுக்குத் தள்ளப்படுவது, இன்ஜின் உயிர்பெறுவது, ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து செல்வது, முன்னால் உள்ள விமானங்களுக்காகக் காத்து நிற்பது, இறங்கிய பின் தில்லியின் பரந்த தளத்தில் வாயில் வரை மறுபடி ஊர்வது எல்லாம் இதற்குள் வருகின்றன. இரு முனைகளையும் சேர்த்து 25 நிமிடம் இதிலேயே போய்விடும்.

அடுத்து, விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். இறக்கையின் மேல் பாயும் காற்றின் வேகமே தூக்கும் விசையைத் தருவதால், எதிர்க்காற்று இருந்தால் குறைந்த ஓட்டத்திலேயே மேலெழலாம். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07 என்றும் மறுமுனைக்கு 25 என்றும் பெயர். திசைகாட்டியில் 70 பாகை, 250 பாகை என்பவற்றின் சுருக்கமே அது. கோடைக்காலக் காலை வேளையில் மேல்காற்று வீசும்போது தென்மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானங்கள், மதியத்தில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் திசை மாறிக் கடலை நோக்கிக் கிளம்புகின்றன. கடல் பக்கமிருந்து இறங்கும் நாட்களில் அடையாறு ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளின் மேல் விமானங்கள் தாழப் பறப்பதும் இதனால்தான். மூன்று பாகைச் சரிவில் இறங்குவதால் ஓடுபாதைக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் அவற்றின் உயரம் 520 மீட்டர் மட்டுமே. தில்லி வடக்கே இருக்கிறது, ஓடுபாதையோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எப்பக்கம் கிளம்பினாலும் வளைந்து திரும்பியே பாதையைப் பிடிக்கவேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகம் பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்படுவதையும், பாதை நூல் பிடித்தாற்போல் இல்லாமல் குறியிடப்பட்ட புள்ளிகளின் வழியே போவதையும், தில்லிக்கு அருகில் வரிசையில் நின்று சுற்றவேண்டியிருப்பதையும் சேர்த்தால் கணக்கு நேராகிறது. குறுகிய தூரத்தில் இந்தச் செலவு இன்னும் உறைக்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு 355 கிலோமீட்டர்தான். தில்லித் தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு. 2019 நவம்பரில் அங்கே தொடங்கிய சேவையில் பறந்த ஏடிஆர் விமானம் சுழலி பொருத்தியது, வேகம் குறைந்தது. சீட்டில் உள்ள நேரமோ தில்லிக்கான நேரத்தில் ஏறக்குறையப் பாதி.

கடைசியாக வணிகம். பதினைந்து நிமிடத்துக்குள் வந்துசேர்ந்தால் அது நேரத்துக்கு வந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே நிறுவனங்கள் வழக்கமாக ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூட்டியே அட்டவணையில் போடுகின்றன. 'இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று விமானி அறிவிக்கும்போது பயணிகள் மகிழ்வதுண்டு. அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதி முன்பே அவர்களிடமிருந்து வாங்கிவைத்ததுதான்.

காற்று இதுவரை தரையளவில் மட்டும் பேசப்பட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதன் ஆட்சியே வேறு. காவிரியைப் பரிசலில் கடப்பவர்கள் எதிர்க்கரைத் துறையை நேராகக் குறிவைத்துத் துடுப்புப் போட்டால் நீரோட்டம் கீழே இழுத்துப் போய்விடும். அதனால் மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்தே செலுத்துவார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டி ஓடும் தாரைக்காற்றைத் தில்லி விமானம் இப்படித்தான் கடக்கிறது. 830 வேகத்தில் செல்லும் விமானத்துக்குக் குறுக்கே 150 வேகத்தில் காற்று வீசினால், சாய்த்துச் செலுத்தியதால் இலக்கை நோக்கிய வேகம் 816 ஆகிறது. குறுக்குக் காற்று பெரிய திருடன் இல்லை. கிழக்கு மேற்காகப் போகும் மும்பை, லண்டன் விமானங்களுக்குத்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மும்பைக்கு 1,030 கிலோமீட்டர்; விமான வேகம் 800, காற்று 100 என்று கொண்டால் எதிர்த்துப் போக ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம், உடன்போக ஒரு மணி ஒன்பது நிமிடம். போவதில் இழந்ததை வருவதில் பெற்றுவிடலாமே என்றால் பெற முடியாது. காற்றே இல்லாவிட்டால் போகவர இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகும். காற்றோடு இரண்டு நிமிடம் கூடுகிறது. எதிர்க்காற்றில் கழிக்கும் நேரமே அதிகம் என்பதால் இழப்பு எப்போதும் ஆதாயத்தை மிஞ்சும்.

ஆடி மாதத்தில் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தரையில் மேல்காற்று வீச, சென்னையின் அட்சரேகையை ஒட்டிப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரை, மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டி ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத்தாரை எனப்படும் இதை விளக்கிய ஆய்வுக் கட்டுரையை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் வெளியிட்டார். அதன் நடுப்பகுதி பயணிகள் விமானங்கள் செல்லும் உயரத்துக்கு மேலே இருந்தாலும் ஓரக்காற்று கீழேயும் எட்டுகிறது. இத்தகைய உயரக் காற்றுகளை அறிய மீனம்பாக்கத்திலிருந்து நாளும் இருவேளை, காலை 5.30 மாலை 5.30 மணிக் கணக்குக்கு, கருவி கட்டிய பலூன் பறக்கவிடப்படுகிறது. உலகெங்கும் அதே நேரத்தில் விடப்படும் பலூன்களின் அளவுகளோடு சேர்ந்து, அன்றைய விமானம் எந்த உயரத்தில் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்பவேண்டும் என்பதைத் தீர்மானிக்க அது உதவுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைவது நல்லது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வந்துசேர வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். சுழற்சியால் சென்னை மணிக்கு 1,627 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது என்பது மெய். ஆனால் ஓடுபாதையும் விமானமும் சுற்றியுள்ள காற்றும் அதே வேகத்தில் சேர்ந்தே நகர்கின்றன. ஓடும் மின்சார ரயிலுக்குள் சுண்டல் விற்பவர் பெட்டியின் இரு திசைகளிலும் ஒரே பாடுபட்டே நடக்கிறார்.

தில்லிப் பயணத்தில் கடிகாரத்தைத் திருப்பவேண்டியதில்லை. அது 1906க்குப் பிறகு கிடைத்த வசதி. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட 'மெட்ராஸ் நேரம்' அதற்கு முன் இந்திய ரயில்வேயின் நேரமாக இருந்தது. இன்றைய இந்திய நேரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்னால். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்குத்தான் குழப்பம்: 2,920 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்; ஆனால் அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், சீட்டிலுள்ள நேரங்களை அப்படியே கழித்தால் போகும்போது ஆறே முக்கால் மணி நேரமும் திரும்பும்போது இரண்டு மணிக்கும் குறைவாகவும் தோன்றும்.

வேகம் குறைவாக இருந்த நாட்களில் இந்தத் தூரங்களுக்கு வேறு பொருள் இருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியில் ஜே.ஆர்.டி. டாட்டா ஏற்றிக் கிளம்பிய தபாலை மும்பையில் வாங்கிக்கொண்டு, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்; வந்தது மறுநாள். 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமானத் தபால் திட்டத்தில், சென்னை, தில்லி, மும்பை, கல்கத்தா ஆகிய நான்கிலிருந்தும் இரவில் கிளம்பிய டக்கோட்டா விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. நாகபுரியிலிருந்து சென்னை 910 கிலோமீட்டர், தில்லி 855. நாட்டின் நடுவே இருப்பதைத் தவிர அந்த ஊரைத் தேர்ந்ததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

வானத்தில் 1,760 கிலோமீட்டரைச் சுருக்கிய தொழில்நுட்பம் தரையில் பன்னிரண்டு கிலோமீட்டரைச் சுருக்க இன்னும் திணறுகிறது. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டர் மூடப்படுவதால் மயிலாப்பூர்க்காரர் இரண்டரை மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்டுகிறார். தில்லியில் இறங்கி வீடு சேர இன்னொரு ஒன்றரை மணி. ஆக, மூன்று மணி நேரப் பறத்தல் வாசலுக்கு வாசல் ஏழு மணி நேரப் பயணமாகிறது. சீட்டின் கணக்குப்படி ஏழரை நாழிகை, வாழ்க்கையின் கணக்குப்படி பதினேழரை நாழிகை. தியாகராய நகர்க்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மாம்பலத்தில் தாம்பரம் மின்சார ரயிலைப் பிடித்தால் அரை மணிக்குள் திரிசூலம். நிலையத்துக்கு எதிரேயே விமான நிலையம். 2016 முதல் மெட்ரோவும் வந்துவிட்டது. இருந்தும் டாக்ஸி பிடித்துக் கத்திப்பாரா சந்திப்பு நெரிசலில் நிற்பவர்களே அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஓடுபாதைக்குள் புகுந்து விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டபோது, பயணிகள் அரக்கோணம் கடற்படைத் தளம் வரை சாலையில் போய் விமானம் ஏறினார்கள். தில்லிக்கு வான்தூரம் அன்றும் ஏறத்தாழ அதேதான்.

சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலான பெருவட்டத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுக்கொண்டே போனால், ஏறக்குறைய நடுவழியில், சென்னையிலிருந்து 850 கிலோமீட்டர் தொலைவில், அது மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்னும் பருத்தி ஊருக்குப் பத்து கிலோமீட்டருக்குள் கடந்து செல்கிறது. அன்றன்றைய விமானப் பாதை சற்று விலகலாம். ஆனாலும் கிளம்பி ஒரு மணி பத்து நிமிடம் ஆகும்போது சன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் கீழே பார்த்துவைக்கலாம். பரங்கிமலையில் அடிக்கோட்டை அளந்த லாம்ப்டன், அளவைப் பணிக்காக நாகபுரியை நோக்கிப் போகும் வழியில் 1823 ஜனவரியில் இறந்து அடக்கமானது அந்த ஊரில்தான்.